அவுலானி விடுதி: ஒரு திணைநோக்கு

இடத்தையும் ஓர் இலக்கியப் படைப்பாகப் படிக்கலாம். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களை அண்ணாந்து நோக்கிப் புராணக் கதைகளை உணர்ந்த மரபு தமிழர் மரபு. எழுத்தறியாதார்க்கும் அங்கே கல்லும் சுதையும் ஏடுகளாயின. இக்காலத்தில் அத்தகைய ஏடுகளைப் பெருஞ்செலவில் எழுதுகின்றவை வணிக நிறுவனங்களே. அவற்றுள் முன்னிற்பது அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனம். 1955ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து என்னும் கேளிக்கைப் பூங்காவைத் திறந்த நாள்தொட்டு, முதலில் கதையை வகுத்துக்கொண்டு பின்னர் அதற்கேற்பக் கட்டடம் எழுப்புவதை அது தன் தொழில்முறையாகக் கொண்டுள்ளது. கதை சொல்ல வந்த எதுவும் திறனாய்வுக்கு உரியதே. விடுதியும் அதற்கு விலக்கன்று.

அந்நிறுவனம் 2011ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் ஒரு விடுமுறை விடுதியைத் திறந்தது. ஓவாஹுத் தீவின் மேற்குக் கரையில், கோ ஒலினா என்னுமிடத்தில், 2007ஆம் ஆண்டில் வாங்கிய 21 ஏக்கர் நிலத்தில் அது நிற்கிறது. 800க்கு மேற்பட்ட அறைகளையும் மனைகளையும் கொண்டது. 'அவுலானி' என்பது அதன் பெயர். தலைவனின் தூது, மேலோர் சொல்லை எடுத்துரைப்பது என்னும் பொருளில் அமைந்த ஹவாய்ச் சொல் அது.

அவ்விடுதியை ஒட்டிக் கேளிக்கைப் பூங்கா எதுவும் இல்லை. பெருஞ்சுழல் இராட்டினம் இல்லை. மேலேறிக் கீழ்பாயும் விரைவு வண்டி இல்லை. அரசிளங்குமரியின் மாளிகை இல்லை. பூங்காவால் பெயர்பெற்ற ஒரு நிறுவனம், பூங்கா இல்லாத ஒரு தீவுக் கரையில் விடுமுறைக் குடும்பங்களைக் கவர முடியுமா என்பதே அதனைக் குறித்து எழும் முதல் வினா.

இவ்வினாவுக்கு இருவகை விடைகள் கூறப்படுவதுண்டு. டிஸ்னியை நாடி வருவோர்க்கு அங்கே டிஸ்னி போதாது என்பது ஒரு சாரார் குறை. ஹவாயை நாடி வருவோர்க்கு அங்கே டிஸ்னி மிகுதி என்பது மற்றொரு சாரார் குறை. இரண்டும் அளவைப் பற்றிய பேச்சுகள். உப்புக் கூடியதா குறைந்ததா என்று பேசுவதோடு உணவைப் பற்றிய ஆராய்ச்சி முடிந்துவிடாது. அங்கே சொல்லப்படும் கதை எத்தகையது, அதனை யார் சொல்கின்றனர், யாருக்குச் சொல்கின்றனர், அதில் எது விடுபட்டது என்பனவே திறனாய்வாளன் கேட்க வேண்டிய கேள்விகள்.

இக்கேள்விகளை ஆராய்வதற்குத் தமிழ் கற்போர் கையில் பழைய கருவி ஒன்று உள்ளது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வமும் உணவும் மரமும் பறவையும் பறையும் தொழிலும் போன்றவை கருப்பொருள். அந்நிலத்து மாந்தரின் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் இசைந்தால் அன்றி ஒரு திணை நிறைவதில்லை. அகப்பாட்டுக்கு வகுத்த இலக்கணத்தை ஒரு விடுதிக்கு முழுதும் பொருத்த இயலாது. எனினும், ஒரு நிலத்தைக் காட்டுகிறேன் என்று கூறும் எந்தப் படைப்பையும் அளந்து பார்க்க இம்மூன்று கோல்களும் பயன்படும்.

முதற்பொருள்

ஓவாஹுத் தீவின் மேற்குப் பகுதி மழை மறைந்த பகுதி. வடகிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலைகளில் மோதித் தன் நீரைக் கிழக்கே பொழிந்துவிடுகிறது. மேற்கே எஞ்சுவது வெயில். விடுமுறைக்கு வருவோர் விரும்புவது அவ்வெயிலையே. ஆயினும் உழவுக்கு அது போதாது. எவாச் சமவெளியில் கரும்பு பயிரிட்டோர் நீருக்காக மலையையே குடைந்தனர். 1916ஆம் ஆண்டில் முடிக்கப்பட்ட வயாஹொலே நீர்வழி, கிழக்கு மலைச்சரிவின் நீரைச் சுரங்கங்கள் வழியாக இப்பக்கம் கொண்டுவந்தது. ஆலை 1995ஆம் ஆண்டில் மூடப்பட்டபின், அந்நீர் யாருக்குரியது என்ற வழக்கு எழுந்தது. 2000ஆம் ஆண்டில் ஹவாய் மாநில உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில் அளித்த தீர்ப்பு, நீர் பொதுமக்களின் பொறுப்பில் உள்ள செல்வம் என்பதை வலியுறுத்தியது.

இவ்வரலாற்றை மனத்திற்கொண்டு விடுதியின் நடுவே அமைந்த 'வைகொலொஹே' பள்ளத்தாக்கைக் காண வேண்டும். குறும்பு நீர் என்பது அச்சொல்லின் பொருள். செயற்கைக் குன்று ஒன்றிலிருந்து நீர் இறங்கி, பாறைகளுக்கிடையே ஓடி, கடலை நோக்கிச் செல்வது போன்ற தோற்றம் அங்கே அமைக்கப்பட்டுள்ளது. மலையுச்சி தொடங்கிக் கடல் வரை நீண்ட ஒரு துண்டு நிலத்தைப் பண்டைய ஹவாய் மக்கள் 'அஹுபுவாஆ' என்று அழைத்தனர். மலையின் மரமும் நடுநிலத்தின் கிழங்கும் கரையின் மீனும் ஒரே எல்லைக்குள் கிடைக்குமாறு வகுத்த பாகுபாடு அது. அவ்வமைப்பின் நினைவையே விடுதியின் நீரோட்டம் ஏந்துகிறது. மிதவை வளையத்தில் சாய்ந்தவாறு அவ்வோடையில் மிதந்து செல்லும் சிறுவன், தன்னை அறியாமலே ஒரு நாட்டின் நிலப்பாகுபாட்டினூடே செல்கிறான்.

இது பாராட்டத்தக்க கற்பனை. ஃபுளோரிடாவில் 1971ஆம் ஆண்டில் இதே நிறுவனம் திறந்த பாலினீசிய விடுதியோடு ஒப்பிட்டால் வளர்ச்சி விளங்கும். அங்கே தென்கடல் தீவுகள் பலவும் ஓர் ஒப்பனையாகக் கலந்து நின்றன. இங்கே ஒரு தீவின் ஒரு கருத்து, கட்டடத்தின் எலும்பாகவே அமைந்துள்ளது. விடுதியின் படைப்புப் பொறுப்பை ஏற்ற ஜோ ரோடி, இளமையில் ஹவாயில் வளர்ந்தவர். 1998ஆம் ஆண்டில் ஃபுளோரிடாவில் திறக்கப்பட்ட விலங்குலகப் பூங்காவை வடிவமைத்தவர். ஹவாய்க் கலைஞர்களையும் மரபறிந்த பெரியவர்களையும் உடன்வைத்துக்கொண்டு இவ்விடுதி உருவாக்கப்பட்டது. அதன் பயன் கண்கூடு.

எனினும் அஹுபுவாஆ என்பது நீரைப் பங்கிடும் நெறி. இந்நிலத்தில் நீர் என்பது நூறாண்டுக் காலம் வழக்குக்குரிய பொருள். விடுதியில் நீரின் அழகு உண்டு. நீரின் நெறியும் வழக்கும் இல்லை. கரையும் அவ்வாறே. விடுதியின் முன் அமைதியாகக் கிடக்கும் கடற்குளம் இயற்கையாக அமைந்ததன்று. கோ ஒலினாவின் நான்கு குளங்களும் கரையை வெட்டி உருவாக்கப்பட்டவை. குழந்தைகள் அச்சமின்றி நீராட அவை மிகவும் ஏற்றவை. நெடுஞ்சாலைக்கு அப்பால் உள்ள பள்ளத்தாக்கில் தீவின் குப்பைக் கிடங்கு இருக்கிறது. விடுதி திறப்பதற்கு ஏழு திங்களுக்கு முன், 2011 ஜனவரியில் பெய்த பெருமழையில், அக்கிடங்கின் கழிவுகள், மருத்துவக் கழிவுகள் உட்பட, கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டுக் கரையோரங்களில் ஒதுங்கின. அவுலானியின் முதற்பொருள் ஆசிரியர் தேர்ந்தெடுத்த நிலம். அதனைச் சூழ்ந்த நிலம் முழுவதும் அதில் இல்லை.

கருப்பொருள்

கருப்பொருள்களைத் தொகுத்ததில் அவுலானியின் உழைப்பு பெரிது. முன்கூடத்தின் உயர்ந்த கூரை படகுக் கொட்டிலையும் மரபுக் குடிலையும் நினைவூட்டுகிறது. அதன் சுவர்களில் மார்ட்டின் சார்லோ தீட்டிய ஓவியம் ஏறத்தாழ 200 அடி நீளத்தில் வானவில்லின் நிறங்களோடு ஓடுகிறது. மரப்பட்டையை நனைத்து அடித்துச் செய்யும் 'கபா' துணியின் கோலங்கள் அறைகளிலும் சுவர்களிலும் தோன்றுகின்றன. உணவுக்கூடம் ஒன்றின் பெயர் 'மக்காஹிக்கி'. போர் விலக்கப்பட்டு, விளைபொருள் திரட்டப்பட்டு, விளையாட்டுகள் நடந்த பண்டைய ஹவாய் விழாக்காலத்தின் பெயர் அது. லோனோ என்னும் தெய்வத்துக்கு உரியது. தெய்வமும் உணவும் மரமும் பறையும் ஆடலும் அங்கே உள்ளன.

மிக்கி எலியைத் தேடும் குழந்தைக்கும் ஏமாற்றம் இல்லை. மலர்ச்சட்டை அணிந்து அது காலையுணவு வேளையில் வந்து நிற்கிறது. ஆயினும் வீட்டுத் தலைவனாக அன்று, விருந்தினனாகவே அது அங்கே காட்டப்படுகிறது. இந்தச் சிறிய வேறுபாட்டைப் படைத்தவர்கள் நன்கு எண்ணியே படைத்துள்ளனர். மூலைமுடுக்குகளில் ஒளிந்திருப்பவை 'மெனெஹுனே' எனப்படும் குறுமாந்தரின் உருவங்கள். இரவோடு இரவாக அணைகளும் குளங்களும் கட்டி முடிப்போர் என்று ஹவாய்க் கதைகள் கூறும் மாந்தர் அவர்கள். அவ்வுருவங்களைத் தேடி அலைவதே குழந்தைகளுக்கு விளையாட்டு. வெளியிலிருந்து கொண்டுவந்த பொம்மையைக் காட்டிலும் மண்ணின் கதைமாந்தர் அவர்களை நெடுநேரம் ஈர்த்து வைக்கின்றனர்.

சிங்கப்பூரின் செந்தோசாத் தீவை அறிந்த வாசகர்க்கு இங்கே ஓர் ஒப்புமை தோன்றக்கூடும். புலாவ் பிளாக்காங் மாத்தி என்னும் பழைய பெயரை நீக்கி, அமைதி என்னும் பொருள்படும் புதுப்பெயர் அத்தீவுக்கு இடப்பட்டது. அங்கே 2010ஆம் ஆண்டில் வாயில் திறந்த யுனிவர்சல் பூங்காவில் ஹாலிவுட் தெருவும் நியூயார்க் தெருவும் பழைய எகிப்தும் உண்டு. பூங்காவின் கதைகள் பெரும்பாலும் வேற்று நாட்டுக் கதைகள். அவுலானி அவ்வழியை மேற்கொள்ளவில்லை. தான் நிற்கும் மண்ணின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. அம்மண்ணின் கதையையே தன் கதையாக ஏற்றது. ஆகவே அதனை அளக்கும் கோலும் கடுமையானதாக இருத்தல் வேண்டும். பிறர் கதையைச் சொல்பவன் அதனை முழுமையாகச் சொல்லக் கடமைப்பட்டவன்.

கருப்பொருள் வரிசையில் தொழிலும் ஒன்று. அவுலானியில் மிகக் குறைவாகத் தெரிவது அதுவே. விடுதியின் இரு பெருங்கட்டடங்களுள் ஒன்று 'எவா' என்றும், மற்றொன்று 'வயனாய்' என்றும் பெயர் பெற்றுள்ளன. எவா என்பது கரும்புக் காடாக விளங்கிய சமவெளி. சீனரும் ஜப்பானியரும் போர்த்துகீசியரும் பிலிப்பினோக்களும் ஒப்பந்தத் தொழிலாளராக வந்து உழைத்த மண் அது. வயனாய் என்பது விடுதிக்கு வடக்கே நீளும் கடற்கரைப் பகுதி. ஹவாய்ப் பழங்குடி மக்கள் மிகுதியாக வாழும் வட்டாரங்களுள் அது குறிப்பிடத்தக்கது. வீட்டு வாடகை கொடுக்க இயலாது கரையோரம் கூடாரமிட்டு வாழ்ந்த குடும்பங்களையும் அவ்வட்டாரம் நெடுங்காலம் கண்டுள்ளது. இரு பெயர்களும் கட்டடங்களின்மேல் உள்ளன. அப்பெயர்களுக்குரிய வாழ்வு கட்டடங்களுக்குள் இல்லை.

உரிப்பொருள்

ஆயினும் குடும்பங்கள் வருகின்றன. ஏன் வருகின்றன என்பதை உரிப்பொருளே விளக்கும். புணர்தலும் பிரிதலும் காதலர்க்கு உரியன. விடுமுறைக் குடும்பத்துக்கு உரிப்பொருள் ஒன்று கூற வேண்டுமாயின், அது ஒருங்கிருத்தல் எனலாம். தந்தை அலுவலகத்திலும் தாய் வேறொரு பணியிலும் பிள்ளைகள் பள்ளியிலும் பாட்டனார் மற்றோர் ஊரிலும் ஆண்டு முழுவதும் பிரிந்திருக்கின்றனர். அவர்கள் ஒரு வாரம் ஒரே கூரையின்கீழ் இருக்க விரும்புகின்றனர். ஆனால் ஒருங்கிருத்தல் எளிதன்று. மூன்று வயதுக் குழந்தையின் விருப்பம் வேறு. பதின்மூன்று வயதுப் பெண்ணின் விருப்பம் வேறு. முழங்கால் வலியுடைய பாட்டியின் விருப்பம் வேறு. எல்லாரையும் எந்நேரமும் ஒன்றாகக் கட்டிவைக்கும் பயணம் சண்டையில் முடிவதுண்டு. பிரிந்தும் கூடியும் இருக்க இடம் தருவதே நல்ல விடுமுறை.

அவுலானி இதனை நன்கு உணர்ந்துள்ளது. மூன்று முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறார்க்கு 'ஆண்டியின் கடற்கரை வீடு' என்னும் தனிப்பகுதி உள்ளது. அங்கே பிள்ளைகளை விட்டுச் செல்வதற்குத் தனிக்கட்டணம் இல்லை. சிறப்பு நிகழ்ச்சிகள் சிலவற்றுக்கே கட்டணம் உண்டு. ஹவாயில் மூத்த பெண்ணை, உறவினர் அல்லராயினும், 'ஆண்டி' என்றும், மூத்த ஆடவரை 'அங்கிள்' என்றும் அழைப்பது வழக்கம். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறார்க்கு அவ்வழக்கம் புதியதன்று. பிள்ளையை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கத் தயங்கும் தாய், ஓர் ஆண்டியிடம் ஒப்படைக்கத் தயங்குவதில்லை. பெரிய மனைகளில் சமையலறையும் உண்டு. கைக்குழந்தையின் கஞ்சிக்கும் பாட்டியின் பத்தியத்துக்கும் உணவுக்கூடத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. மாலையில் தீ மூட்டிய வட்டத்தைச் சுற்றிக் குடும்பங்கள் அமர, கதைசொல்லி ஒருவர் பழங்கதை கூறுகிறார். பகலில் பிரிந்த குடும்பம் அங்கே கூடுகிறது. பூங்காவின் விரைவு வண்டி தர இயலாத அமைதி அது. வண்டியில் குடும்பம் வரிசையில் நிற்கிறது; தீயருகே குடும்பம் அமர்கிறது.

எனவே, விடுமுறைக் குடும்பங்களுக்கு இவ்விடுதி ஏற்றதா என்ற வினாவுக்கு, ஏற்றதே என்று விடை கூறத் தடையில்லை. இராட்டினம் இல்லாமை அதற்குக் குறையன்று. அதுவே அதன் வலிமை. ஒரு தடை உண்டு. அது பணம். ஓர் இரவுக்குப் பல நூறு டாலர் செலவாகும் இடம் எல்லாக் குடும்பங்களுக்கும் உரியதாகாது. முன்பணம் செலுத்தி ஆண்டுதோறும் சில நாள் தங்கும் உரிமையை வாங்கும் முறையும் அங்கே உண்டு. விடுதி திறப்பதற்கு முந்திய திங்களாகிய 2011 ஜூலையில் அவ்வுரிமை விற்பனை நிறுத்திவைக்கப்பட்டது. உரிமை பெற்றோர் ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய பராமரிப்புத் தொகை மிகக் குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்ததே காரணம். குடும்பம் என்னும் சொல் கதையில் இனிமையாக ஒலிக்கிறது. கணக்கேட்டில் அது வேறொரு ஒலி பெறுகிறது.

இந்நிறுவனமே 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லிலோ அண்ட் ஸ்டிட்ச்' என்னும் கருத்தோவியப் படத்தை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். ஹவாயின் கவாய்த் தீவில் வாழும் பெற்றோரற்ற இரு சகோதரியரின் கதை அது. மூத்தவள் நானி, சுற்றுலாப் பயணியர்க்கான விருந்துக்கூடத்தில் பணிபுரிகிறாள், அவ்வேலையை இழக்கிறாள், தங்கையையும் இழக்கும் நிலைக்கு வருகிறாள். 'ஒஹானா' என்னும் ஹவாய்ச் சொல்லை, குடும்பம் என்னும் பொருளில் உலகெங்கும் பரப்பிய படம் அது. அப்படத்தின் ஸ்டிட்ச் என்னும் நீலநிற உயிர் அவுலானியில் குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்கிறது. நானியின் கவலைக்கு அங்கே இடமில்லை. விருந்தினர் குடும்பம் ஒருங்கிருக்க, அவர்களுக்குப் பரிமாறுவோர் தம் குடும்பத்தைப் பிரிந்து நெடுநேரம் உழைக்கின்றனர். படம் துணிந்து காட்டிய உண்மையை விடுதி காட்டத் துணியவில்லை.

மொழி

தமிழாசிரியர்கள் சிறப்பாகக் கருத வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அவுலானியில் 'ஓலெலோ' என்னும் பெயருடைய கூடம் இருக்கிறது. ஓலெலோ என்றால் மொழி, பேச்சு. அங்குள்ள மரச்செதுக்கல்களிலும் பொருள்களிலும் அவற்றின் ஹவாய்ப் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. பணியாளர்கள் ஹவாய் மொழி பேசுகின்றனர். விருந்தினர்க்குச் சில சொற்களையும் கற்பிக்கின்றனர்.

இதன் அருமையை உணர அம்மொழியின் வரலாற்றை அறிதல் வேண்டும். 1893ஆம் ஆண்டில் ஹவாய் அரசியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1896ஆம் ஆண்டில் பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலமே என்று சட்டம் செய்யப்பட்டது. 1898ஆம் ஆண்டில் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. தாய்மொழி பேசிய மாணவர்கள் பள்ளியில் தண்டிக்கப்பட்டனர். பெற்றோர் தம் பிள்ளைகளின் நலன் கருதி வீட்டிலும் ஆங்கிலம் பேசத் தொடங்கினர். 1980களின் தொடக்கத்தில் நீஹாவ் என்னும் சிறு தீவுக்கு வெளியே அம்மொழியைப் பேசிய சிறார் 50 பேருக்கும் குறைவு என மதிப்பிடப்பட்டது. ஒரு மொழி தன் கடைசித் தலைமுறையை எண்ணிக்கொண்டிருந்த காலம் அது.

மீட்சியும் பள்ளியிலிருந்தே வந்தது. 1978ஆம் ஆண்டில் ஹவாய் மொழி மாநில ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து 'பூனானா லேயோ' என்னும் பாலர் பள்ளி இயக்கத்தைத் தோற்றுவித்தனர். குரற்கூடு என்று அதனைத் தமிழாக்கலாம். முதற்பள்ளி 1984ஆம் ஆண்டில் கவாய்த் தீவில் தொடங்கியது. 1987ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஹவாய் மொழிவழிக் கல்வி இடம்பெற்றது. இதே டிஸ்னி நிறுவனத்தின் 'மோவானா' படம் 2018ஆம் ஆண்டில் ஹவாய் மொழியில் குரல் மாற்றப்பட்டது. அதற்குத் தேவையான குரல்களைத் தந்தது அம்மொழியைக் கற்று வளர்ந்த சமூகமே.

இப்பின்னணியில் ஓலெலோக் கூடத்தை இருவகையாக மதிப்பிடலாம். தண்டனைக்குரியதாக இருந்த மொழி இன்று ஊதியம் பெற்றுத் தருகிறது. ஹவாய் மொழி கற்றால் என்ன பயன் என்று கேட்கும் பெற்றோர்க்கு அக்கூடம் ஒரு விடை. சோறு போடாத மொழி என்னும் பழிச்சொல்லைக் கேட்டுப் பழகிய எந்தச் சமூகமும் இதனைச் சிறிதென்று தள்ளாது. மற்றொரு பக்கமும் உண்டு. விடுதியில் அம்மொழி முதன்மை பெற்று ஒலிக்கும் இடம், பெரியவர்கள் மாலையில் அமர்ந்து மது அருந்தும் கூடம். அங்கே அது பொருள்களின் பெயராக நிற்கிறது. பெயர்ச்சொற்கள் மொழியின் வாயில். வினைச்சொற்களே அதன் இல்லம். நாற்காலிக்கும் மீனுக்கும் ஹவாய்ப் பெயர் கற்ற விருந்தினர், அந்நாற்காலியில் அமர்ந்து அம்மொழியில் சினந்து கொள்ளவோ, மன்னிப்புக் கேட்கவோ, வழக்காடவோ கற்பதில்லை. மொழியை வாழவைத்தது குரற்கூடு. விடுதி அதற்கு ஒரு சாளரம் திறந்துள்ளது. சாளரத்தைக் கூடென்று எண்ணிவிடுதல் கூடாது.

விடுபட்டது

ஹவாய் மொழியில் 'மோஒலெலோ' என்று ஒரு சொல் உண்டு. கதை என்பதும் அதன் பொருள். வரலாறு என்பதும் அதன் பொருள். தொடர்ந்து வரும் பேச்சு என்பது அதன் அடிப்படை. முன்னோர் கடலைக் கடந்து வந்ததும், மௌயி தூண்டிலிட்டுத் தீவுகளை மேலே இழுத்ததும், அரசியின் ஆட்சி கவிழ்ந்ததும், பள்ளியில் பேச்சு தடுக்கப்பட்டதும் எல்லாம் மோஒலெலோவே. அம்மக்கள் தம் மொழியில் கதையையும் வரலாற்றையும் இரு கூறாகப் பிரிக்கவில்லை.

விடுதி தன் தீவட்டத்துக்கு அச்சொல்லையே பெயராகச் சூட்டியுள்ளது. ஆனால் அச்சொல்லின் பாதிப் பொருளையே எடுத்துக்கொண்டது. விருந்தினர்முன் வைக்கப்படும் கதைகளில் முன்னிற்பவை தெய்வங்களும் குறுமாந்தரும் கடலோடிகளும் ஆவர். 1893ஆம் ஆண்டும் 1896ஆம் ஆண்டும் அக்கதைகளில் முன்னிற்பதில்லை. அதனால் ஒரு பழங்குடி, பழங்காலத்தில் மட்டுமே வாழ்ந்தது போன்ற தோற்றம் உண்டாகிறது. தொல்கதைக்கும் இன்றைய விருந்தோம்பலுக்கும் இடையே நூறாண்டுக்கு மேற்பட்ட ஓர் இடைவெளி. அவ்விடைவெளியிலேதான் இன்றைய ஹவாய் மக்கள் உருவாயினர்.

விடுமுறைக்கு வந்த குழந்தைக்குத் துன்பக் கதை எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தீயருகே அமர்ந்த ஐந்து வயதுக் குழந்தையிடம் ஆட்சிக் கவிழ்ப்பை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் குழந்தைகள் துன்பக் கதைகளுக்கு அஞ்சுவதில்லை என்பதைத் தாலாட்டு அறிந்த எந்தத் தாயும் அறிவாள். பாட்டியர் சொல்லும் கதைகளில் காடும் பசியும் பிரிவும் உண்டு. நானியின் கதையைக் குழந்தைகள் கண்ணீரோடு பார்த்தனர், வெறுக்கவில்லை. முன்பு இம்மொழியைப் பேசக் கூடாது என்றனர், இன்று மீண்டும் பேசுகிறோம் என்னும் இரண்டு தொடர்கள் போதும். அவ்விரு தொடர்களும் எந்தக் குடும்பத்தின் விடுமுறையையும் கெடுத்துவிடா. மாறாக, தாம் கற்ற ஒரு சொல்லின் எடையை அக்குழந்தைகள் உணர்வார்கள்.

முடிபு

அவுலானி குடும்பங்களைக் கவர்கிறது. பூங்காவின் ஆரவாரத்தை விட்டு, நின்ற மண்ணின் கதையை நம்பியதே அதற்குக் காரணம். முதற்பொருளை அழகாக வகுத்தது. கருப்பொருளைக் கவனத்தோடு திரட்டியது. ஒருங்கிருத்தல் என்னும் உரிப்பொருளைப் பெருமளவு எய்தியது. அந்த ஒருங்கிருத்தல் விருந்தினர்க்கு மட்டும் உரியதாக நின்றதும், கதை வரலாற்றினின்று பிரிக்கப்பட்டதும் அதன் குறைகள். இக்குறைகளைச் சுட்டுவது அதனை இழிப்பதாகாது. தன் நிலத்தைப் பற்றி எதுவும் கூறாத விடுதியிடம் யாரும் முழுமையை எதிர்பார்ப்பதில்லை. கூறத் தொடங்கியதாலேயே அவுலானி இக்கேள்விக்கு ஆளாகிறது.

மேலோர் சொல்லை எடுத்துரைக்கும் தூது என்பது அதன் பெயர். தூதுக்கு இலக்கணம் வகுத்த தமிழ் மரபில், கேட்போர் முகம் சுளிப்பரோ என்று அஞ்சி, சொல்ல வந்ததில் பாதியை நிறுத்திக்கொள்பவன் நிறைந்த தூதன் ஆகான். அவுலானி இனிய குரல் வாய்ந்த தூது. அது கொண்டுவந்த செய்தியின் மறுபாதியைக் கேட்க விரும்பும் குடும்பம், கோ ஒலினாவின் வாயிலைக் கடந்து வடக்கே வயனாய்ச் சாலையில் சிறிது தொலைவு செல்லுதல் வேண்டும்.